சம்பளச் சீட்டு இல்லாத அனுபவம்

(தஞ்சாவூரில், வேலைக்கும் விவசாயத்துக்கும் நடுவே மேலாண்மைப் படிப்பைப் பற்றி யோசிப்பவர்களிடையே ஆற்றிய உரை)



ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வயது முப்பத்தாறு. பி.எஸ்சி. முடித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அப்பாவோடு சேர்ந்து பன்னிரண்டு ஏக்கர் பார்க்கிறார். அதில் பாதி கோயில் நிலம், குத்தகை. மாமன் வழியில் ஓர் அரவை மில்லில் பங்கும் இருக்கிறது. கணக்குவழக்கு முழுக்க இவர் கையில்தான். ஒரு ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, எம்.பி.ஏ. விண்ணப்பப் படிவத்தைத் திறக்கிறார். நிறுவனத்தின் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஆண்டு ஊதியம் என்று வரிசையாகக் கட்டங்கள். எந்தக் கட்டத்திலும் எழுத அவரிடம் எதுவும் இல்லை. 'பணி அனுபவம், மாதங்களில்' என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு மூடிவிடுகிறார். பதினைந்து வருஷம் ஒரு தொழிலை நடத்திய மனிதர் தன் கையாலேயே போட்டுக்கொள்ளும் அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வயதுப் பேச்சை முடித்துவிடுவோம். 'இந்த வயசுல என்ன படிப்பு' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். படிப்பு நடத்துகிறவர்கள் கேட்பதில்லை. ஐ.ஐ.எம்.கள் சேர்ந்து நடத்தும் கேட் தேர்வுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. பட்டப்படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 போதும். மேலாண்மைப் படிப்புகளுக்கான இன்னொரு தேர்வான ஜிமேட்டுக்கும் மேல் வரம்பு இல்லை, அதை எழுத மதிப்பெண் விழுக்காட்டு நிபந்தனையும் இல்லை. கல்லூரியில் 48 வாங்கிவிட்டு, அந்த ஒரு காரணத்தால் கேட் பக்கமே போகாமல் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடு வயதில் நிர்வாகம் படிப்பது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி., தொழிலில் ஊறியவர்களுக்கென்று தனிப் படிப்பை 1931-இலேயே ஆரம்பித்தது. சிகாகோ பல்கலைக்கழகம், வேலையை விடாமல் படிக்கும் எம்.பி.ஏ.வை 1943-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கியது. நம்மவர்களில் ராமதுரையைச் சொல்லலாம். 1996-இல் டி.சி.எஸ். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், அதற்கு மூன்றாண்டு முன்பு, தம் நாற்பதுகளின் கடைசியில், அதே எம்.ஐ.டி.யில் மூத்த நிர்வாகிகளுக்கான பயிற்சிக்குப் போனார். அது பட்டப்படிப்பு அல்ல, குறுகிய காலப் பயிற்சிதான். ஆனாலும் அந்த வயதில் மாணவராக உட்காருவதை அவர் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை.

வயது தடுக்காத இடத்தில் படிவம் தடுக்கிறது. அது மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஐ.ஐ.எம்.களின் வழக்கமான இரண்டாண்டுப் படிப்பில் பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பணி அனுபவத்துக்குத் தரும் மதிப்பெண்ணும் பல இடங்களில் சுமார் மூன்று வருஷத்தோடு உச்சத்தைத் தொட்டுவிடும். பதினைந்து வருஷம் உழைத்தவருக்கு அதற்கு மேல் ஒன்றும் கூடாது. முப்பத்தைந்தைத் தாண்டியவர் அந்த வாசலில் போய் நிற்பது வீண் சிரமம் என்பது என் எண்ணம். உங்களுக்கென்று வேறு வாசல்கள் இருக்கின்றன.

ஆமதாபாத் ஐ.ஐ.எம். 2006-இல் ஓராண்டு முழுநேரப் படிப்பைத் தொடங்கியது. குறைந்தது 25 வயதும் நான்கு வருஷ முழுநேரப் பணியும் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெங்களூர், கொல்கத்தா, லக்னோ ஐ.ஐ.எம்.களிலும் இதே மாதிரி உண்டு. ஹைதராபாதில் ஐ.எஸ்.பி. என்ற மேலாண்மைப் பள்ளி 2001 முதல் இயங்குகிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு வார இறுதி வகுப்புகள். நமக்கு அருகில் இருக்கும் திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் பிறந்தது, புதுக்கோட்டைச் சாலையில் சூரியூரில் இருக்கிறது. பணியில் இருப்போருக்கான அதன் படிப்பு சென்னையில் நடக்கிறது. 1984-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பெல் நிறுவனமும் கைகோத்து உருவாக்கிய பிம் என்ற மேலாண்மைப் பள்ளி திருச்சியிலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதினால் மாநிலத்தின் எம்.பி.ஏ. கல்லூரிகளுக்கு வழி உண்டு. இக்னோ போன்ற தொலைநிலைப் படிப்பும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. அங்கீகாரம் என்ற அந்தச் சொல்லை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் அனுமதி இருக்கிறதா என்று அவர்களுடைய பட்டியலிலேயே பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய.

இப்போது அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

விவசாயம் பார்த்தேன் என்று எழுதினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. அவர் டெல்லிக்காரராகவோ பம்பாய்க்காரராகவோ இருக்கலாம். நீங்கள் எடுத்த முடிவுகளை எழுதினால் புரியும். 2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டோம். பிறகு தண்ணீர் குறைந்தது, கடைமடையில் பயிர் காய்ந்தது, அக்டோபரில் அணையையே மூடினார்கள். அடுத்த வருஷம் ஜூன் 12-இல் அணை திறக்கவே இல்லை. ஜூலை 28 வரை காத்திருந்தோம். அந்த ஏழு வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. போர் தண்ணீரை நம்பிக் குறுவை நடுவதா, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதா? சம்பா என்றால் சி.ஆர். 1009 மாதிரி ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் ரகமா, நாள் குறைந்த ரகமா? நாற்றங்காலா, நேரடி விதைப்பா? விதைக்கும் டீசலுக்கும் கூலிக்கும் கடன் எங்கே வாங்குவது? எந்தத் தகவலும் முழுசாகக் கையில் இல்லாத நேரத்தில், சொந்தப் பணத்தை வைத்து எடுத்த முடிவுகள் இவை. ஆமதாபாதில் வகுப்புக்கு வகுப்பு இப்படிப்பட்ட நிலைமைகளை எழுதிக் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்றுதான் கேட்கிறார்கள். நம் ஆட்கள் அதற்கு ஏற்கெனவே விடை சொல்லி, லாபமோ நஷ்டமோ ஏற்றுக்கொண்டவர்கள்.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025–26 பருவத்தில் அரசு தரும் ஊக்கத்தொகையையும் சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். வெளி வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார், ஆனால் இன்றைக்கே களத்துக்கு வந்து எடுத்துக்கொள்வார். நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அக்டோபர் மழையில் குவித்த நெல் அந்த அளவுக்குக் காயாது. தார்ப்பாய் வாடகை, காயவைக்கிற கூலி, முளைத்துவிடும் பயம், வட்டி ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எத்தனை நாள் காத்திருந்தால் அரசு விலை நமக்கு லாபம், எந்த நாளைத் தாண்டினால் வியாபாரிக்குப் போடுவதே மேல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். அதைத் தாளில் போட்டால் விண்ணப்பக் கட்டுரையின் நல்ல பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

மில் வைத்திருப்பவர் நிலைமையும் அப்படியே. நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை முகவராக இருந்தால் நூறு கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈர நெல் வந்தாலும் அதே அளவுதான். அரவைக் கூலியிலும் தவிட்டிலும் உமியிலும்தான் மில் ஓடுகிறது. 'சொந்தப் பெயரில் பை போட்டு விற்றுப் பார்த்தோம், கடைக்காரர் இரண்டு மாதக் கடன் கேட்டார், கைப்பணம் அதிலேயே முடங்கியது, நிறுத்திவிட்டோம்' என்று ஒருவர் நேர்காணலில் சொன்னால், 'எனக்கு நடைமுறை மூலதனமும் சந்தைப்படுத்தலும் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று அடுத்து அவர் சொல்வதை நம்பாமல் இருக்க முடியாது. 'ஏன் இப்போது படிக்க வந்தீர்கள்' என்பதே வயதில் மூத்தவர்களிடம் நேர்காணல் குழு கேட்கும் முதல் கேள்வி. தோற்ற முயற்சியிலிருந்து பிறக்கும் பதில் அதற்குப் போதும்.

கஜா புயலில் தென்னை இழந்தவர்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஏராளம். 2018 நவம்பர் 16-ஐ யாரும் மறக்கவில்லை. அதை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். சாய்ந்த மரங்களைப் பற்றி இரண்டு வரி போதும். அதற்குப் பிறகு அந்த நிலத்தில் என்ன வைத்தீர்கள், கன்று காய்க்கும் வரை குடும்பம் எந்த வருமானத்தில் ஓடியது, எவ்வளவு கடன் வாங்கினீர்கள், இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்பதற்குப் பத்து வரி கொடுங்கள்.

சரி, இதையெல்லாம் எழுதிவிட்டால் நம்புவார்களா? ஆதாரம் கேட்பார்கள். நம்மிடம் இருக்கிறது, நாம்தான் அதை ஆதாரமாகப் பார்ப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில், எந்தப் பசலியில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று இருக்கிறது. குத்தகைக்காரருக்குக் கோயில் ரசீது உண்டு. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்தவர்களுக்கு அந்தப் பதிவே சான்று. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க் கடன், பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாம் தேதியோடு இருக்கின்றன. மில் என்றால் ஜி.எஸ்.டி. கணக்கு, உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஆடிட்டர் கையெழுத்திட்ட ஐந்தொகை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நம்மில் பலர் வருமான வரிப் படிவமே போட்டதில்லை. வரி கட்ட வேண்டாம், ஆனால் இந்த வருஷத்திலிருந்து படிவம் போட்டு அந்த வருமானத்தைக் காட்டுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் உங்கள் பெயரில் ஒரு தொடர்ச்சி உருவாகிவிடும். குடும்பத் தொழிலை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கில் எடுக்கிறது. அதனால் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, என்னென்ன காகிதம் இருந்தால் ஏற்பீர்கள் என்று கேளுங்கள்.

இங்கே பெண்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் சென்னையில் மூன்று வருஷம் வேலை. பிறகு மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ வாழ வந்து ஏழெட்டு வருஷம் வீடு, குழந்தை, மாமியார் வைத்தியம். அந்த இடைவெளியை மறைக்க, இல்லாத 'ஆலோசகர்' பதவியை எழுதச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குழந்தை வளர்த்தேன், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை என்று நேராக எழுதுங்கள். அந்த ஆண்டுகளில் மகளிர் குழுவின் கணக்கு எழுதியிருந்தால், கூட்டமைப்புக்கு வங்கிக் கடன் வாங்கித் திருப்பிக் கட்டவைத்திருந்தால், தீர்மான நோட்டில் உங்கள் கையெழுத்து இருக்கும். அந்த நோட்டைப் படி எடுத்து வையுங்கள். இருபது பெண்களிடம் மாதாமாதம் தவணை வசூலித்தவருக்கு மனிதர்களை நடத்தத் தெரியாது என்று எந்தத் தேர்வுக் குழுவும் சொல்ல முடியாது.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்ற சந்தேகம் சொந்தத் தொழில்காரர்கள் எல்லோருக்கும் வருகிறது. மேலதிகாரி இல்லாதவருக்கு யார் எழுதுவார்? உங்களோடு பணத்தில் பழகியவர் எழுதலாம். கடன் கொடுத்த வங்கி மேலாளர், ஆடிட்டர், வருஷக்கணக்கில் அரிசி வாங்கும் மொத்த வியாபாரி, வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஆகியோரில் யார் உங்களை அருகிலிருந்து பார்த்தவரோ அவரிடம் போங்கள். எம்.எல்.ஏ.விடம் லெட்டர்பேடில் வாங்க வேண்டாம். உங்களை ஒருமுறை மேடையில் பார்த்தவர் எழுதும் ஒரு பக்கப் புகழுரை எந்தக் குழுவையும் நகர்த்தாது. கட்டுரையையும் ஆள் வைத்து எழுதாதீர்கள். நேர்காணலில் அந்த வரிகளிலிருந்தே கேள்வி கேட்பார்கள். சொந்த வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்குத் தடுமாறுவதைப்போலக் கேவலம் வேறில்லை.

தேர்வு பற்றி ஒரு நல்ல செய்தி. 2023 நவம்பரில் ஜிமேட் மாறியது. ஆங்கில இலக்கணப் பிழை திருத்தும் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். படித்துப் புரிந்துகொள்வதும், வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதும்தான் மொழிப் பகுதியில் மிஞ்சியிருக்கின்றன. கட்டுரை எழுதும் பகுதியும் வடிவியலும் போயின. மொத்தம் 64 கேள்வி, இரண்டேகால் மணி நேரம். தமிழ் வழியில் படித்து, ஆங்கிலச் செய்தித்தாளை மெதுவாகப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு இது முன்பைவிட எட்டக்கூடிய தேர்வு. மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும்.

இதில் காலண்டரையும் பாருங்கள். கேட் நவம்பர் கடைசியில் வரும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. சம்பா வயலில் தண்ணீர் வடிக்கிற நேரம். கேட் வழி நேர்காணல்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கும். அது அறுவடை, மெஷின் கிடைக்காமல் அலைகிற நேரம். ஜிமேட்டை வருஷத்தில் எந்த மாதமும் எழுதலாம், வீட்டிலிருந்தே எழுதவும் வசதி உண்டு. அதனால் சம்பா நெல்லைப் போட்டு முடித்த பிறகு, மார்ச் தொடங்கி மேட்டூர் திறக்கும் வரை, ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கிற அந்த மூன்று மாதத்தைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் தேர்வை எழுதிவிடுங்கள். ஆமதாபாத், பெங்களூர் ஓராண்டுப் படிப்புகள் அடுத்த ஏப்ரலில்தான் தொடங்கும். கட்டுரை எழுதவும் காகிதம் சேர்க்கவும் நிறைய அவகாசம் இருக்கும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். இந்த ஓராண்டுப் படிப்புகளில் முன்னணியில் இருப்பவற்றின் செலவு முப்பது லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த ஒரு வருஷம் நீங்கள் இல்லாமல் நிலமும் மில்லும் இழக்கும் வருமானத்தையும் அதோடு கூட்டுங்கள். கடனுக்குப் போனால் டெல்டாக்காரருக்கென்று ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பெரிய தொகைக்கு வங்கி அடமானம் கேட்கும். நம்மிடம் இருப்பது நஞ்சை. கடன் தவறினால் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. விவசாயியைக் காக்கும் நல்ல விதிதான். ஆனால் அதனாலேயே கல்விக் கடனுக்கு நஞ்சையை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. பத்து ஏக்கர் வைத்திருப்பவரைவிட டவுனில் ஒரு மனைக்கட்டு வைத்திருப்பவருக்குக் கடன் எளிதாகக் கிடைக்கிறது. முன்னணி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் அடமானம் இல்லாமல் கடன் தரும் திட்டங்கள் உண்டு. அதனால் முதலில் வங்கிக்குப் போய், எந்தெந்தப் பள்ளி அவர்கள் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டியை வருமானத்திலிருந்து எட்டு வருஷம் வரை கழித்துக்கொள்ள இடம் இருக்கிறது. நிலத்தை விற்று மட்டும் படிக்கப் போகாதீர்கள். இது என் கருத்து, மாறுபடுகிறவர்கள் இருக்கலாம். நாற்பதை நெருங்கும்போது வளாக வேலைவாய்ப்பு இருபத்தெட்டு வயதுக்காரருக்குக் கிடைப்பதைப்போல அமையும் என்று யாரும் உறுதி தர முடியாது. வேலை கிடைக்காவிட்டாலும் திரும்பி வந்து நிற்க நிலம் இருக்க வேண்டும்.

திரும்பி வருவதையே நோக்கமாக வைத்திருப்பவர்களுக்கு முப்பது லட்சத்துப் படிப்பு தேவையில்லை என்றே சொல்வேன். வார இறுதிப் படிப்போ, பக்கத்துப் பல்கலைக்கழகமோ, தொலைநிலைப் படிப்போ போதும். அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைச் செயல் அலுவலர் வேண்டும். கம்பெனிச் சட்டப்படி கணக்கு, பங்குதாரர் கூட்டம், வங்கிக் கடன், விற்பனை ஒப்பந்தம் எல்லாம் அவர் தலையில். இளம் பட்டதாரிகள் வந்து, ஊரும் நெல்லும் பிடிபடாமல், நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற, குறுவைக்கும் தாளடிக்கும் வித்தியாசம் தெரிந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் நிதிநிலை அறிக்கை படிக்கவும் கற்றுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், ஆயிரம் பங்குதாரர்களுக்கு அது பயன்படும். வர்கீஸ் குரியன் 1979-இல் ஆனந்தில் ஊரக மேலாண்மை நிறுவனத்தை உருவாக்கியது இப்படிப்பட்ட ஆட்களைத் தயார் செய்யத்தான். நம் டெல்டா 2020 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். விவசாயத்தைப் பாதுகாக்கச் சட்டம் போட்டாயிற்று. அதை நடத்தத் தெரிந்தவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதே என் கவலை.

இன்றைக்குப் போன உடனே ஒரு குயர் நோட்டு எடுத்து, கடந்த மூன்று வருஷத்தில் நீங்கள் எடுத்த பெரிய முடிவுகள் ஐந்தை எழுதுங்கள். அப்போது என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை, எவ்வளவு பணம் போட்டீர்கள், எவ்வளவு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். வீட்டுக்காரரிடமோ வீட்டம்மாவிடமோ படித்துக் காட்டுங்கள். தொகை தப்பாக இருந்தால் அவர்கள் திருத்திவிடுவார்கள். மதிப்பெண் பட்டியலையும் அடங்கலையும் கையோடு கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். மடிக்கணினி இருக்கிறது, படிவத்தைத் திறந்து அந்த அனுபவக் கட்டத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பிப் பார்ப்போம்.